எந்த டோர்ச் நல்லது?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது, கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு டோர்ச்சுகள் இருந்தன. உம்மாவின் வாப்பா பாவித்த பழையதில் தலா 1.5 வோல்ற்று தரும் இரு பெரிய பற்றரிகள். அதன் மின்குமிழிலுள்ள தங்குதன் இழை சூடேறித்தான் ஒளிரும். சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. புதியதில் இருப்பது ஒளிகாலும் இருவாயி, அதாவது எல்ஈடி. அது தரும் நீல ஒளியை மஞ்சள் பொசுபர் பூச்சு வெண்மையாக்குகிறது. (அந்த நீல எல்ஈடிக்குத்தான் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு!) ஒரே சக்தியில் பல மடங்கு வெளிச்சம். நான் பாடம் படித்ததும் அதில்தான்.

ஆனால் அதன் பற்றரியைக் கழற்ற முடியாது. இரண்டு வருடத்தில் சார்ஜ் நிற்காமல் போனது. முழு டோர்ச்சும் குப்பைக்குப் போயிற்று. பழையதற்கோ சில்லறைக் கடையில் பற்றரி வாங்கிப் போட்டால் போதும். எல்ஈடியும் கழற்றக்கூடிய பற்றரியும் சேர்ந்த டோர்ச்சுகளும் விற்பனைக்கு உண்டு. என் தெரிவு அதுவே. பாவிக்காத நாட்களில் பற்றரியை வெளியே எடுத்து வையுங்கள். கசிந்தால் உள்ளே அரித்துவிடும்.