மார்க் ஷீட்டுல இருக்கிற கோபுரம் எந்த ஊருது?

உங்க ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை ஒரு நிமிஷம் எடுங்க பாஸ். மார்க்கைப் பார்க்க வேணாம், பழைய புண்ணைக் கிளற வேணாம்! அரசு முத்திரையில ஒரு கோபுரம் இருக்கே, அதை மட்டும் பாருங்க. எந்தக் கோயில் கோபுரம் அது?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பசங்கன்னா யோசிக்கவே மாட்டீங்க. 'எங்க ஆண்டாள் கோயில் கோபுரம்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்குவீங்க. நாய்க்கு ராஜபாளையம், பால்கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதற்கு அடுத்தபடியா நாம அடிச்சுச் சொல்ற விஷயம் இதுதான். ஆனா, மதுரைக்காரங்க சும்மா இருப்பாங்களா? 1949-ல் முத்திரையை வடிவமைத்த ஓவியர் ஆர்.கிருஷ்ணாராவ் மதுரைக்காரர்; அவர் மனசுல இருந்தது மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம்தான் என்பது அவங்க கட்சி.

இந்தச் சண்டையை டீக்கடையில் போட்டா பொழுதுபோகும். இதையே கிளாஸ் ரூமில் உட்கார்ந்து போட்டா அதுக்குப் பேர் கலை வரலாறு. ஆமாங்க, அப்படி ஒரு இளங்கலைப் படிப்பு இருக்கு. மூணு நாலு வருஷம் சிலை, கட்டடம், ஓவியம் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கணும். பார்த்ததுக்கு ஆதாரம் காட்டணும். அவ்வளவுதான் சிலபஸ்!

இந்தக் கோபுர வழக்கை அந்த ஸ்டூடன்ட் எப்படி எடுத்துக்குவார்? முதல்ல நிலைகளை எண்ணுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்துக்கு 11 நிலை, உயரம் 192 அடி. மதுரை மேற்குக் கோபுரத்துக்கு 9 நிலை. அடுத்து உடம்பைப் பார்ப்பார். மதுரைக் கோபுரத்தில் இண்டு இடுக்கு விடாமல் சுதைச் சிற்பங்கள். நம்ம ஊர்க் கோபுரத்தில் அந்தக் கூட்டம் கிடையாது. முத்திரையில இருக்கிற கோபுரத்துலயும் கூட்டம் இல்லை. 'அப்ப நாமதான் ஜெயிச்சோம்'னு விசில் அடிக்காதீங்க. இவ்வளவு சின்ன முத்திரையில எந்த ஓவியராவது நூத்துக்கணக்கான பொம்மைகளை வரைவாரா? வரைந்தவர் தரப்பு சாட்சியம் ஒரு பக்கம், கண் காட்டுற சாட்சியம் ஒரு பக்கம். எதுக்கு எவ்வளவு வெயிட் கொடுக்கணும்னு முடிவு பண்ணக் கத்துக்கிறதுதான் இந்தப் படிப்போட பாதி.

அண்ணாந்து பாருங்க!

மீதிப் பாதிக்கு கோயிலுக்குள்ளேயே போகலாம். அடுத்த தடவை போகும்போது தூணோட உச்சியைப் பாருங்க. தூணுக்கும் மேலே இருக்கிற உத்தரத்துக்கும் நடுவுல கை நீட்டின மாதிரி ஒரு கல் இருக்கும். அதுக்குப் பேர் போதிகை. பல்லவர் காலத்தில் அது அலை அலையா மடிஞ்சு இருக்கும். சோழர் காலத்தில் சாய்வா வெட்டி விட்ட மாதிரி, சிக்கனமா இருக்கும். விஜயநகரக் காலத்தில் நுனியில் மொட்டு எட்டிப் பார்க்கும். நாயக்கர் காலத்துக்கு வந்தா, அது பூவாகவே விரிஞ்சு கீழே தொங்கும். கல்வெட்டு படிக்கத் தெரியாதவங்களும் போதிகையைப் பார்த்தே மண்டபத்தோட வயசைக் கிட்டத்தட்டச் சொல்லிடலாம்.

இந்தக் கணக்கை வரிசைப்படுத்தி எழுதினவர் ஜுவோ துப்ரேய். பாண்டிச்சேரியில் வாத்தியாராக இருந்த பிரெஞ்சுக்காரர். புத்தகம் வந்த வருஷம் 1914. ஊர் ஊரா அலைஞ்சு, தூண் தூணா அண்ணாந்து பார்த்து மனுஷன் கண்டுபிடிச்சது. தினமும் அந்தத் தூணில் சாய்ஞ்சு பிரசாதம் சாப்பிட்டது யாரு? நாமதான்!

ஆண்டாள் கோயில் மண்டபத் தூண்களில் கத்தியோடு நிற்கிற வீரபத்திரரைப் பார்த்திருப்பீங்க. திருநெல்வேலி பக்கத்துல கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போனா, அங்கேயும் வீரபத்திரர் ஆளுயரத்துக்கு நிற்பார். ரெண்டு பேருக்கும் நகை, இடுப்புக் கச்சை, கால் வைக்கிற ஸ்டைல் எல்லாம் எங்கே ஒத்துப்போகுது, எங்கே மாறுதுன்னு பத்துப் பக்கம் எழுதினா ஒரு நல்ல அசைன்மென்ட் ரெடி. பஸ் டிக்கெட்டுதான் செலவு. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே திருமலை நாயக்கர் மகால் இருக்கு, அது இன்னொரு அசைன்மென்ட். கிருஷ்ணதேவராயர் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா'ன்னு காவியமாவே எழுதியிருக்கார். வீட்டில் தெலுங்கு பேசுற ராஜபாளையத்துப் பசங்களுக்கு, எடுத்த எடுப்பிலேயே ஒரு மொழி போனஸ்.

இதெல்லாம் எதுக்கு உதவும்?

நியாயமான கேள்வி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் சிலை திருடு போச்சு. 2008-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா தேசிய கலைக்கூடம் அதை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிச்சு. 'இது எங்க சாமி'ன்னு சொன்னா போதுமா? நிரூபிக்கணுமே! பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், கோயில் கோயிலாகப் போய் எடுத்து வெச்ச பழைய போட்டோக்கள் லட்சத்துக்கு மேல இருக்கு. அந்த போட்டோவும் கலைக்கூடத்துச் சிலையும் ஒண்ணுன்னு பக்கத்தில் பக்கத்தில் வெச்சுக் காட்டினாங்க. 2014-ல் சிலை இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. இந்த மாதிரி வழக்குகளைத் தோண்டித் துருவின எஸ்.விஜயகுமார், சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்தவர். ஆர்வத்துல கத்துக்கிட்டவரே இவ்வளவு பண்ணினா, முறையா படிச்சவங்க எவ்வளவு பண்ணலாம்! போட்டோவோ பதிவோ இல்லாத சிலை போனா, போனதுதான்.

சரி, எங்கே படிக்கிறது? பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் கலை வரலாற்றையே மெயினாக எடுத்து இளங்கலை படிக்கலாம். சாந்திநிகேதன் கலா பவனிலும் அப்படியே. சென்னையில், பெண்கள் மட்டும் படிக்கிற ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் நுண்கலைத் துறை இதுக்குப் பேர் போனது. 1850-ல் ஆரம்பிச்ச சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி ரெண்டிலும் கையால் வரையறதும் செய்யறதும்தான் மெயின், கலை வரலாறு தியரி பேப்பரா வரும். உளி பிடிக்கவே ஆசைன்னா, மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. ஊரை விட்டுப் போக முடியாதவங்க பக்கத்துக் காலேஜில் பி.ஏ. ஹிஸ்டரி முடிச்சிட்டு, எம்.ஏ.வில் இந்தப் பக்கம் திரும்பலாம். டெல்லி ஜே.என்.யு.வில் அதுக்குன்னே தனிப் பள்ளி இருக்கு.

இனிப்பை மட்டும் காட்டினா அது விளம்பரம் ஆயிடும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு கம்பெனி வரிசை கட்டி நிற்காது. மியூசியம், தொல்லியல் துறை வேலைகள் எண்ணிக்கையில் குறைவு, பரீட்சை வெச்சுதான் எடுப்பாங்க. வாத்தியார் வேலைக்கு எம்.ஏ., நெட் தாண்டணும். ஆர்ட் கேலரி, ஆவணக் காப்பகம், பதிப்பகம்னு வழி இருக்கு. ஆனா, பெரும்பாலும் பெரிய நகரங்களில். நல்ல புத்தகங்களில் முக்கால்வாசி இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ் மீடியம் பசங்களுக்கு முதல் வருஷம் கண்ணைக் கட்டும். வீட்டுல சொந்த பிசினஸோ, பொறுமையான அப்பாவோ இல்லாதவங்க, எம்.ஏ. வரைக்கும் ஆகிற செலவை முதல்லயே கணக்குப் போட்டுக்கிறது நல்லது. இதை மறைச்சு 'ஆர்வம் இருந்தா போதும்'னு சொல்றவங்களை நம்பாதீங்க.

ஆனா, நம்ம ஏரியா பசங்களுக்கு ஒரு அட்வான்டேஜ் இருக்கு, அதையும் சொல்லிடறேன். கலை வரலாறுன்னா கோயிலும் ராஜாவும் மட்டும் இல்லை. சிவகாசியில் அச்சடிக்கிற சாமி காலண்டரும் அதுல சேர்த்தி. கோவில்பட்டியில் வாழ்ந்த சி.கொண்டையராஜு (1898-1976) சென்னை ஓவியப் பள்ளியில் படிச்சவர், நாடகக் கம்பெனிக்கு சீன் வரைஞ்சவர். அவரும் அவர் சீடர்களும் வரைஞ்ச முருகனும் லட்சுமியும்தான் பல வீட்டு பூஜை அறையில் தொங்கினாங்க. அந்த காலண்டர் படங்களைப் பற்றி முதலில் விரிவா ஆராய்ச்சி பண்ணி எழுதினவர்களில் ஒருத்தர் ஸ்டீபன் இங்லிஸ், கனடாக்காரர். கஜ்ரி ஜெயின் 2007-ல் 'காட்ஸ் இன் தி பஜார்'னு முழுப் புத்தகமே போட்டார். அவர் பாடம் நடத்துறதும் கனடாவில்தான், டொரன்டோவில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசிக்கு எத்தனை மணி நேரம்னு உங்களுக்கே தெரியும், கனடாவிலிருந்து எத்தனை மணி நேரம்னு கூகுளில் பார்த்துக்கோங்க!

அந்த அச்சாபீஸ்களில் வேலை பார்த்த பெரியவங்க உங்க தெருவிலேயே இருக்கலாம். எந்தக் கலர் எந்த ஊரில் விற்கும், எந்த சாமி முகத்தை ஏஜென்ட் திருப்பி அனுப்பினார்னு அவங்க சொல்றதைத் தமிழ்ல கேட்டு, தமிழ்லயே எழுதி வைக்க ஒரு ஸ்டூடன்ட் வேணும். அதுக்கு டிகிரி வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, ஒரு செல்போன் ரெக்கார்டர் போதும்.

அப்புறம், பரண் மேல பழைய காலண்டர் கிடந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி படத்தோட கீழ் ஓரத்தைத் துடைச்சுப் பாருங்க. 'கொண்டையராஜு'ன்னு கையெழுத்து இருந்தா பேப்பர்காரரைத் திருப்பி அனுப்பிடுங்க.