'நலந்தானா'வுக்குப் பதில் சொன்னது நம்ம மதுரைக்காரங்க... தெரியுமா?

பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. டீக்கடையில ஒரு பாட்டு, மினி பஸ்ல ஒரு பாட்டு, ஆட்டோவுல இன்னொண்ணு! பாடினது யாருன்னு கேட்டா சின்னப் பையன்கூடச் சொல்லிடுவான். இசை யாருன்னும் சொல்லிடுவான். வாசிச்சது யாரு? அங்கதான் எல்லாரும் முழிப்போம்! பல்லவி முடிஞ்சு சரணம் தொடங்குறதுக்குள்ள வர்ற அந்த கிட்டார், அந்தப் புல்லாங்குழல், அந்த வயலின்... பாதி நேரம் நாம வாய்க்குள்ள முணுமுணுக்கிறதே அதைத்தானே? அதை வாசிச்ச ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேரு இருக்கு. கேளுங்க, அசந்துபோவீங்க!

சிக்கல் சண்முகசுந்தரத்தின் மூச்சு எந்த ஊர் தெரியுமா?

நம்ம மதுரைதான்! 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்துல சிக்கல் சண்முகசுந்தரமா நாகஸ்வரம் ஏந்தினவர் சிவாஜி. பக்கத்துல தம்பியா உட்கார்ந்து வாசிச்சவர் ஏ.வி.எம். ராஜன். ஆனா அந்த நாதம் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களோடது! திரையில இருந்த அண்ணன் தம்பிக்குப் பின்னால நிஜ அண்ணன் தம்பி! இவங்க தாத்தா யாருங்கிறீங்க? புகழ்பெற்ற நாகஸ்வர வித்வான் மதுரை பொன்னுசாமிப் பிள்ளை!

நாகஸ்வரம் கோயில் வீதிக்காகவே பிறந்த வாத்தியம். நாலு தெரு தாண்டிக் கேட்கணும், அதுதான் அதோட இயல்பு. அதை ரெக்கார்டிங் தியேட்டருக்குள்ள, மைக்குக்கு முன்னால, பி. சுசீலாவோட மென்மையான குரலுக்குப் பக்கத்துல வச்சு வாசிக்கணும்னா சீவாளியில உதடு எவ்வளவு பக்குவமா அமரணும்! 'நலந்தானா' பாட்டை மறுபடியும் கேட்டுப் பாருங்க. காயம்பட்ட கலைஞனைப் பார்த்து நாட்டியக்காரி மோகனா பாட்டாவே கேட்கிறா. அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. பதில் முழுக்க நாகஸ்வரத்துலதான்! சிவாஜியோட கண்ணும் கழுத்து நரம்பும் பாதி சொன்னா, மீதியைச் சொன்னது இந்த மதுரை மூச்சு. இசையமைப்பாளர் கே.வி. மகாதேவன் இவங்களை நம்பி அந்தக் காட்சியோட உயிரையே ஒப்படைச்சிருக்கார்!

அதுக்கும் ஆறு வருஷம் முன்னாடியே ஒரு அதிசயம் தெரியுமா?

1962, 'கொஞ்சும் சலங்கை'. திரையில நாகஸ்வரம் ஏந்தினவர் ஜெமினி கணேசன். வாசிச்சவர் காருகுறிச்சி அருணாசலம்! டி.என். ராஜரத்தினம் பிள்ளையோட சீடர். 'சிங்கார வேலனே' பாட்டுல எஸ். ஜானகியோட குரலும் இவரோட நாகஸ்வரமும் எங்கே பிரியுது, எங்கே சேருதுன்னு கண்டுபிடிக்கிறதே கஷ்டம். ரெண்டே வருஷத்துல, 1964-ல் காருகுறிச்சியார் மறைஞ்சுட்டார். அந்தப் பாட்டு இன்னைக்கும் திருவிழா மைக்செட்ல முழங்குது!

'இளைய நிலா' கிட்டார் யாரோட விரல் தெரியுமா?

1982, 'பயணங்கள் முடிவதில்லை'. நடிச்ச மோகனையும் பாடின எஸ்.பி.பி.யையும் எல்லாருக்கும் தெரியும். கிட்டார் வாசிச்சவர் ஆர். சந்திரசேகர்! தமிழ்நாட்டுல கிட்டார் கத்துக்கிற பிள்ளைங்க ஒருநாளாவது முயற்சி பண்ணிப் பார்க்கிற வாசிப்பு அது. அந்த மெட்டு இந்திக்கும் போய் அங்கேயும் பெரிய ஹிட்!

இன்னும் கேளுங்க! இளையராஜா குழுவோட டிரம்ஸ் கலைஞர் புருஷோத்தமன் இவரோட கூடப்பிறந்தவர்! 'நிழல்கள்' படத்து 'மடை திறந்து' பாட்டுல இளையராஜாவோட சேர்ந்து புருஷோத்தமனும் திரையில வருவார். இத்தனை வருஷமா பார்த்திருக்கோம், அவர்தான்னு எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?

ஒருத்தர் பிசகினா எல்லாருக்கும் முதல்லேர்ந்துதான், தெரியுமா?

தனித்தனியா பதிஞ்சு சேர்க்கிற வசதி வர்றதுக்கு முன்னால, பாடகர், வயலின் வரிசை, தபேலா, புல்லாங்குழல் எல்லாரும் ஒரே நேரத்துல வாசிச்சாகணும். நாலு நிமிஷப் பாட்டுல மூணாவது நிமிஷம் ஒரு வயலின் வில் தடுமாறினா, அத்தனை பேரும் மறுபடி தொடக்கத்துலேர்ந்து! காலையில கையில வர்ற நோட்ஸைப் பார்த்து, அன்னைக்கே ஒத்திகை, அன்னைக்கே டேக்! கால்ஷீட் முடிஞ்சதும் வேற தியேட்டர், வேற பாட்டு. நாம வாழ்நாள் பூரா கேட்கிற பாட்டை அவங்க ஒரே நாள்ல வாசிச்சுக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க!

வாத்தியமே இல்லாத கலைஞர் ஒருத்தர் தெரியுமா?

சதன்! 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்துல 'கடவுள் அமைத்து வைத்த மேடை' பாட்டு ஞாபகம் இருக்கா? பாட்டுக்கு நடுவுல பறவையும் மிருகமும் கூப்பிடுமே, அத்தனையும் இவரோட தொண்டையிலேர்ந்து வந்தது! எஸ்.பி.பி. பாட, சதன் கூவ, திரையில பேர் வாங்கினது கமல்.

வாசிக்க வந்தவங்கதான் பின்னாடி மெட்டுப் போட்டாங்க, தெரியுமா?

அன்னைக்கு மதுரை மாவட்டத்துல இருந்த பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா, 1976-ல் 'அன்னக்கிளி' வர்றதுக்கு முன்னால மத்தவங்க குழுவுல கிட்டார் வாசிச்சவர், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளர். ஏ.ஆர். ரஹ்மான், இளையராஜா குழுவுல கீபோர்டு வாசிச்ச பையன்! ரெண்டு பேருக்கும் குரு ஒருத்தரே: தன்ராஜ் மாஸ்டர்! எம்.எஸ். விஸ்வநாதனோட இணைஞ்ச டி.கே. ராமமூர்த்தியும் அடிப்படையில வயலின் கலைஞர்தான். 1986-ல் வந்த இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துல தனி வயலினா உருக்குறவர் வி.எஸ். நரசிம்மன். எத்தனையோ படப் பாட்டுல பின்னால இருந்த வில் அது!

வாசிச்சவங்க பேர் மறைஞ்சுபோறது அமெரிக்காவுலயும் நடந்த கதைதான், தெரியுமா?

டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனியோட ஹிட் பாட்டுகளுக்கு வாசிச்ச 'ஃபங்க் பிரதர்ஸ்' குழுவுக்கு வருஷக்கணக்கா இசைத்தட்டு உறையில பேரே கிடையாது. 1971-ல் பாடகர் மார்வின் கே ஆல்பத்துலதான் பேஸ் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் போன்றவங்க பேர் அச்சாச்சு. நம்ம பக்கம், கேசட் உறையிலயும் சி.டி. உறையிலயும் வாசிச்சவங்க பேரைப் போடுறதை வழக்கமாக்கினவர் ரஹ்மான். 'பம்பாய்' தீம் இசையில அந்தப் புல்லாங்குழல் நவீன் குமாரோடதுன்னு நாம இன்னைக்குத் தயங்காம சொல்ல முடியுதுன்னா, பேரை மறைக்காததோட பலன்தானே அது! அதுக்கும் ரொம்ப முன்னாடியே சென்னையில இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டி, நியாயமான கூலிக்காக நின்னவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். அவரையும் மறக்கக் கூடாது.

இனிமே ஒரு பாட்டு பிடிச்சுப்போனா, பாடினவர், இசையமைச்சவர் பேரோட நிறுத்தாதீங்க. வாசிச்சவர் பேரையும் தேடுங்க, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்க. உங்க தெருவுலயோ சொந்தத்துலயோ அந்தக் காலத்துல ரெக்கார்டிங்குக்கு வாசிச்ச பெரியவர் இருந்தா, நேர்ல போய் உட்கார்ந்து, எந்தெந்தப் பாட்டுக்கு வாசிச்சாருன்னு கேட்டு எழுதி வச்சிடுங்க. அவர் இருக்கும்போதே செய்யுங்க!