பழைய பட்டை ரம்பம் நேராக அறுக்குமா?

கைரம்பத்தால் இரும்பு அறுத்துத் தோள் வலித்தவர்களுக்குப் பட்டை ரம்பத்தின் அருமை தெரியும். முனைகள் இணைக்கப்பட்ட எஃகு நாடா ஒன்று இரு சக்கரங்களின் மீது சுற்றிச் சுற்றி வந்து ஓயாமல் அறுக்கிறது. 4 × 6 அங்குலத் துண்டுகளை அறுக்கும் சிறிய வகை, தைவானிலும் சீனாவிலும் தயாராகிப் பல பெயர்களில் விற்கப்படுவது. கைமாறி வரும் எந்திரத்தில் பெரும்பாலும் சொல்லப்படும் குறை, "கோணலாக அறுக்கிறது" என்பதே. மோட்டாரை மாற்றுவதால் இக்குறை தீராது.

வாங்குமுன் பார்க்க வேண்டியது பற்சக்கரப் பெட்டி. மெல்லெஃகை அறுக்க ரம்பம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மீட்டர் ஓடினால் போதும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 60 சென்டிமீட்டர் என்றால், அது நிமிடத்துக்கு 50 முறை சுழன்றால் சரி. மோட்டாரோ 1440 முறை சுழல்கிறது. இவ்வேறுபாட்டைக் கப்பிகளும், எஃகுத் திருகோடு பொருந்திய வெண்கலப் பற்சக்கரமும் ஈடுசெய்கின்றன. மின்தொடர்பைத் துண்டித்துவிட்டு, ரம்பச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் மிகுதியாக இருந்து, பெட்டியின் எண்ணெயிலும் மஞ்சள் துகள்கள் மினுமினுத்தால் வெண்கலப் பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். இது செலவு வைக்கும் பழுது. விலை மலிவு என்று மயங்க வேண்டாம்.

துருவும் உரிந்த வண்ணமும் அஞ்சத் தக்கவையல்ல. மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போதும். வண்ணம் பூசுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பூசாவிட்டாலும் ரம்பம் அறுக்கும்!

கோணலுக்குக் காரணம் பெரும்பாலும் வழிகாட்டி பேரிங்குகள். சக்கரங்களின் மேல் சாய்வாக ஓடும் நாடாவை முறுக்கி, அறுக்கும் இடத்தில் செங்குத்தாக நிறுத்துபவை இவையே. தேய்ந்தவற்றை மாற்றுவதற்குச் செலவு அதிகமில்லை. பேரிங்கின் மீதுள்ள எண்ணைச் சொன்னால் கடையில் கிடைக்கும். அவற்றைத் தாங்கும் ஆணிகளில் சில மையம் விலகியவை. ஆணியைத் திருப்பினால் பேரிங்கு நாடாவை நெருங்கும். இடைவெளியின்றித் தொட வேண்டும், நெரிக்கக் கூடாது. வைஸின் தளத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி, நாடா 90 பாகையில் நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். நாடா தொய்ந்திருந்தாலும் வெட்டு விலகும் என்பதால் அதன் இழுப்பை முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது.

இனிச் சோதனை. 50 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பியின் உச்சியில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, முனையை ஒருமுறை அறுங்கள். கோடு அடியில் வரும்படி கம்பியை அரைச்சுற்று உருட்டி, ஒரு வில்லையை அறுத்தெடுங்கள். கம்பியை உருட்டாமல் அறுத்தால் இரு வெட்டுகளும் ஒரே பக்கம் சாய்ந்து பிழையை மறைத்துவிடும். உருட்டியதால் அது இரட்டிப்பாகத் தெரிகிறது. வில்லையின் மேல்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் தடிப்பு 1 மில்லிமீட்டர் வேறுபட்டால், உண்மைப் பிழை அரை மில்லிமீட்டர். வழிகாட்டிகளைத் திருத்த வேண்டும். இடவலமாக வேறுபட்டால் வைஸின் தாடையைத் திருத்த வேண்டும்.

மிச்சப்படுத்திய பணத்தில் நல்ல நாடா வாங்கலாம். எந்நேரமும் மூன்று பற்களாவது உலோகத்தில் பதிந்திருக்க வேண்டும். மெல்லிய குழாய்க்குப் பெரும்பற்கள் உதவா. அவை குழாயின் விளிம்பில் மாட்டி உடையும்.

மின்கம்பியில் மட்டும் சிக்கனம் கூடாது. காப்புறை வெடித்த கம்பியை மாற்றி, எந்திர உடலுக்கு நில இணைப்புக் கொடுத்து, வெட்டு முடிந்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே முதல் கம்பியை வைஸில் மாட்ட வேண்டும்.