உஷார்! சுவரோடு மர அலமாரி பதிக்கப் போகிறீர்களா?

கல் வெட்டும் மிஷினில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி வைத்திருக்கிறீர்களா? முதலில் பிளக்கைப் பிடுங்கி, அந்த பிளேடைக் கழற்றிவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

தன் வீட்டு அலமாரியைத் தானே செய்ய வேண்டும் என்பது நல்ல ஆசை. ஆனால் கடலூர், சிதம்பரம் பக்கம் அந்த ஆசைக்கு மிஷின், ஓதம், கரையான், மின்சாரம் என்று எதிரிகள் வரிசை கட்டி நிற்கிறார்கள். தெரியாமல் இறங்காதீர்கள்.

கை போய்விடும்!

மார்பிள் கட்டர், ஆங்கிள் கிரைண்டர் இரண்டும் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்பவை. கல்லை அவை தேய்த்து வெட்டும். மரத்திலோ பிளேடின் பல் கடித்து இழுக்கும். பாதி அறுக்கையில் பலகை தொய்ந்து பிளேடை நெருக்கினாலோ, கணுவோ ஆணியோ தட்டினாலோ, மிஷின் எகிறி அறுப்பவர் மேலேயே பாயும். மரத்துக்கென்றே வரும் சர்குலர் சாவில், பலகையை விட்டு எடுத்ததுமே கீழ்மூடி ஸ்பிரிங் விசையில் தானாக வந்து பல்லை மறைத்துக்கொள்ளும். கட்டரிலும் கிரைண்டரிலும் அப்படி ஒரு மூடி கிடையாது. போதாக்குறைக்கு, சுவிட்சை அழுத்திப் பூட்டும் பட்டன் வேறு. பூட்டியிருந்தால் கை நழுவினாலும் மிஷின் நிற்காது. விரலும் தொடையும் அறுபடுவது இப்படித்தான்.

8 அடிக்கு 4 அடி பிளைவுட்டை வீட்டுத் திண்ணையில் வைத்து அறுக்கவே வேண்டாம். அளவு எழுதிக் கொடுத்து, தச்சுப் பட்டறையில் வெட்டி வாங்குங்கள். சில்லறை வேலைக்குக் கைவாள் போதும். எந்த மிஷினைத் தொட்டாலும் கண்ணாடி கட்டாயம். லுங்கி, தோளில் துண்டு, தொளதொள சட்டை கூடவே கூடாது.

சுவரைச் சோதியுங்கள்!

சிதம்பரத்துக்கு வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். கடலூருக்குத் தென்பெண்ணையும் கெடிலமும். 2015 வெள்ளத்தையும், 2024 ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரைபுரண்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் வடிந்த பிறகும் சுவருக்குள் ஓதம் இருக்கும். ஒரு அடி சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தாலோ, பெயின்ட் உப்பி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, அந்தச் சுவரில் மரம் ஏற்றாதீர்கள். ஓதத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

மலிவு என்று பார்ட்டிகிள் போர்டு வாங்கினால், ஈரம் பட்டதும் ஊறி உதிரும். ஓரளவு ஈரம் மட்டுமே தாங்கும் 'எம்.ஆர்.' பிளைவுட்டும் இங்கே தாக்குப்பிடிக்காது. ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடாதபடி சோதிக்கப்படுவது. உப்புக்காற்றுக்குக் கீல், திருகு எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. புயலுக்குப் பின் பச்சை மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அறுத்துப் பூட்டிவிடாதீர்கள். காயாத பலகை பிறகு சுருங்கும், முறுக்கும், கதவு மூடாது.

கரையான் மண்ணிலிருந்து சுவர் விரிசல் வழியாக ஏறும். பதித்த அலமாரியின் முதுகில் அது மண்பாதை கட்டினால் நம் கண்ணுக்கே தெரியாது. எனவே மரம் தரையைத் தொடக் கூடாது. கடப்பா கல்லிலோ பிவிசி காலிலோ நிறுத்துங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே இடைவெளி விட்டு, முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்க்கும்படி வையுங்கள். மருந்தடிக்கும் வேலையை அதற்கு உரிமம் பெற்றவர்களிடம் விடுங்கள்.

கரன்ட், கேஸ்!

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் குழாயில் ஒயர் ஓடும். அந்தக் கோட்டில் டிரில் வைக்காதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயர் போகும் பாதையைச் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். துளை போடும்போது அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரி டிரில் பயன்படுத்துங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால், அதைப் போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

சமையலறையில் சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் அடைத்துவிடாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் அடியில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் அலமாரிக் கதவின் அடிப்பகுதியில் காற்றோட்டத் துளை கட்டாயம். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

மழை ஓய்ந்து, சுவர் காய்ந்து, மாசியில் வேலையைத் தொடங்குங்கள். அறுப்பதைப் பட்டறைக்கும் ஒயரை எலக்ட்ரீஷியனுக்கும் விட்டுவிடுங்கள். அளப்பதும் பொருத்துவதும் பூசுவதும் உங்கள் கையால் நடக்கட்டும். அப்படிச் செய்தாலும் அது நீங்கள் செய்த அலமாரிதான்.