அட்ரினல் நோயுள்ள காவல் நாய்: மாத்திரையை நிறுத்தாதீர்

தூத்துக்குடி வட்டாரத்தில் ஆட்டுக்கிடைக்கும் உப்பளக் கொட்டகைக்கும் நாய்தான் காவல். அப்படிப்பட்ட நாய் சில நாள் தின்னாமல் படுத்துக் கிடக்கும். வாந்தி, கழிச்சல் இருக்கும். பிறகு தானே தேறி ஓடும். பத்து நாளில் மறுபடியும் படுத்துவிடும். குடற்புழுவோ உண்ணிக் காய்ச்சலோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அவற்றுக்கு மருந்து கொடுத்தும் இந்தச் சோர்வு வந்து வந்து போனால், அட்ரினல் சுரப்பி குறைவு நோயாக இருக்கலாம்.

நோய் என்ன?

சிறுநீரகங்களை ஒட்டி இரண்டு சிறிய அட்ரினல் சுரப்பிகள் உள்ளன. இவற்றில் ஊறும் ஒரு நீர் உடலில் உப்பின் அளவைக் காக்கிறது. மற்றொன்று நோய், பயம், அலைச்சல் ஆகியவற்றைத் தாங்கும் பலத்தைத் தருகிறது. இச்சுரப்பிகள் கெட்டால் சோடியம் சிறுநீரில் வெளியேறிவிடும். பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இருதயத் துடிப்பைத் தளர்த்தும். மனிதரிடம் இந்நோயை 1855-ல் விவரித்த லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் பெயரால் இதை அடிசன் நோய் என்பர். நாய்களில் இளம் வயது, நடு வயதுப் பெட்டைகளுக்கு அதிகம் வருகிறது. சிறுநீரகக் கோளாறு போலவே தோன்றுவதால், இரத்தப் பரிசோதனை செய்தே உறுதி செய்ய வேண்டும்.

உப்பு போட்டால் போதுமா?

உப்பு விளையும் சீமையில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. போதாது. உப்பைப் பிடித்து வைக்கும் சுரப்புநீர் இல்லாதபோது, தின்ற உப்பும் வெளியேறிவிடும். உப்பளப் பாத்தி நீரைக் குடிக்க விடுவது கேடு. சோர்ந்த நாய்க்கு இளநீர் கொடுக்கும் பழக்கமும் இந்நோயில் ஆகாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. இரத்தத்தில் அது முன்பே கூடியிருக்கும். நல்ல குடிநீர் மட்டும் எந்நேரமும் நிழலில் இருக்கட்டும்.

சிகிச்சை

இந்நோய் அடியோடு தீராது. ஆனால் குறைந்த சுரப்புநீருக்கு ஈடாக பிரட்னிசலோன், ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரைகளை டாக்டர் சொன்ன அளவில் தினமும் கொடுத்து வந்தால், நாய் மற்ற நாய்களைப் போலவே வாழும். அளவு சரிதானா என்று இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளவைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் அடிக்கடி, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை.

நாய் தேறிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. இரண்டொரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். மாத்திரை தீருமுன் அடுத்த அட்டையை வாங்கி வையுங்கள். சொறிக்காகப் பல வாரம் ஸ்டீராய்டு தின்ற நாய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெளியிலிருந்து மருந்து வருவதால் அதன் சுரப்பி வேலையை மறந்திருக்கும். எனவே மருந்தைத் திடீரென நிறுத்தாமல், டாக்டர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய நாட்கள்

கோயில் கொடை வேட்டு, தீபாவளிப் பட்டாசு, நீண்ட பயணம், அறுவை சிகிச்சை போன்றவற்றை இந்த நாயின் உடல் தாங்காது. அந்நாட்களுக்கு பிரட்னிசலோன் அளவைச் சாதாரணமாக இருமடங்காக்கச் சொல்வது உண்டு. உங்கள் நாய்க்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டுக் குறித்து வையுங்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் ஆட்டுக்குப் பின்னால் ஓட விடாமல் நிழலில் கட்டுங்கள்.

மாத்திரையை வாந்தி எடுத்தாலும், நாய் நடுங்கித் தள்ளாடினாலும், எழ முடியாமல் விழுந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காதீர். உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்று, “இதற்கு அட்ரினல் நோய்” என்று முதலிலேயே சொல்லுங்கள். நரம்பு வழியே சலைனும் ஸ்டீராய்டு ஊசியும் காலத்தில் ஏறினால் நாய் பிழைத்துக் கொள்ளும். நோயின் பெயரும் மருந்தின் அளவும் எழுதிய சீட்டை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்த இடத்தில் வைத்திருப்பது நல்லது.