கெமராவை மலிவாக விற்றவர் எதில் சம்பாதித்தார்?

அமெரிக்காவின் ரொசெஸ்டர் நகரில், கொடக் கம்பனியை நிறுவிய ஜோர்ஜ் ஈஸ்ட்மன் வாழ்ந்த மாளிகை 1949 முதல் நூதனசாலையாக இயங்கி வருகிறது. புகைப்படத்தின் வரலாறு அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. பழைய கெமராக்கள்தானே என்று ஒரு வியாபாரியால் கடந்து போய்விட முடியாது.

1888இல் வந்த முதலாவது கொடக் கெமராவின் விலை 25 டொலர். உள்ளே 100 படங்களுக்கான பிலிம். முடிந்ததும் கெமராவையே கம்பனிக்கு அனுப்ப வேண்டும். 10 டொலருக்குப் படங்களைக் கழுவி, புதிய பிலிமும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் வெளிவந்த பிரவுனி கெமராவோ வெறும் 1 டொலர்! கெமராவை ஒரு தடவைதான் விற்கலாம். பிலிமுக்கு வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வந்தே ஆகவேண்டும். இன்று பிரின்டரை மலிவாகத் தந்துவிட்டு மையில் இலாபம் பார்ப்பவர்கள் செய்வதும் இதுதான்.

அந்த பிலிமே பின்னர் கம்பனியின் காலைக் கட்டியது. 1975இல் கொடக்கின் சொந்தப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன், பிலிமே தேவைப்படாத டிஜிட்டல் கெமராவைச் செய்து காட்டினார். ஒரு படம் பதிய 23 விநாடிகள் பிடித்தது. கம்பனி அவசரப்படவில்லை, கல்லாவில் பிலிம் பணம் நிறைந்து கொண்டிருந்ததே. 2012 ஜனவரியில் அதே கம்பனி, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஜப்பானின் புஜிபிலிம் அதற்கு முன்னரே, பிலிம் செய்து பழகிய இரசாயன அறிவைக் கொண்டு முகப்பூச்சு விற்கத் தொடங்கியிருந்தது.