துண்டுபடும் வான்பதிவு: ஆளில்லா வானூர்தி ஒளிப்பதிவுகளின் பிரிகையும் இணைப்பும்

கடல் எத்தனை மீற்றர் நிலத்தை அரித்துள்ளது என்ற வினா, கிழக்கிலங்கையின் தென்பாகத்துக் கரையோர ஊர்களைப் பொறுத்தவரை வெறும் புவியியல் வினா அன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகக்கூடிய உயிரிழப்புக்கு உள்ளான மாவட்டம் அம்பாறை. இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அடுத்த ஆண்டில், வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றரும் தெற்கு மேற்கில் 100 மீற்றரும் குடியிருப்புத் தடைவலயமாக அறிவிக்கப்பட்டபோது, அளவுநாடாவின் தொடக்கம் எங்கு வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பம் தன் பழைய வளவுக்கு மீளலாமா என்பது தீர்மானமாயிற்று. அவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் கரை ஓய்ந்திருக்கவில்லை. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைகள், வடக்கு நோக்கி நகரும் மணலை இடைமறித்தன. தெற்கே மணல் திரள, வடக்கே ஒலுவிலின் ஒரு பகுதியும் நிந்தவூரும் அரிப்புக்கு உள்ளாயின. மீற்றர் கணக்கு மீண்டும் மீனவரின் தோணித்துறைக் கணக்காயிற்று.

இக்கணக்கை எடுக்கும் கருவி நெடுங்காலம் அரசின் கையிலேயே இருந்தது. வான்படம் எடுப்பதற்கு விமானம் வேண்டும். விமானம் நில அளவைத் திணைக்களத்துக்கோ படையினருக்கோ வாய்க்கும், கரைவலை இழுப்போருக்கு வாய்க்காது. ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தி இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டே அதனைப் பறக்கவிடலாம் என்பதும், 2019 ஏப்ரில் உயிர்த்தஞாயிறு தாக்குதல்களையடுத்து இப்பறப்புகள் சிலகாலம் நிறுத்தப்பட்டன என்பதும் உண்மையே. எனினும் ஒரு மாணவரோ மீனவர் சங்கமோ தன் ஊரின் கரையைத் தானே மேலிருந்து பதிவுசெய்வது இன்று இயலக்கூடிய காரியம்.

கல்முனைப் பகுதியின் வட எல்லையில், மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்லாற்றுக்கு அண்மையில் அமைந்த பெரியநீலாவணையை எடுத்துக்கொள்வோம். (கவிஞர் நீலாவணன் தம் புனைபெயரை இவ்வூரிலிருந்தே பெற்றார்.) அங்கிருந்து மருதமுனைப் பக்கமாகக் கரையோரத்தை ஒருவர் போய்மீண்டு 25 நிமிடம் இடைவிடாது பதிவுசெய்கிறார் எனக் கருதுவோம். பதிவுப் பொத்தானை அவர் அழுத்தியது ஒரு தடவை. நிறுத்தியதும் ஒரு தடவையே. ஆயின் நினைவட்டையைக் கணினியில் இட்டு நோக்குமிடத்து, அங்கே ஒரு கோப்பு இல்லை, ஐந்து கோப்புகள் உள்ளன. கருவி பழுது என்பார் சிலர். அட்டை போலி என்பார் வேறு சிலர். இரண்டும் தவறு. எனினும் இவ்வைந்தையும் கையாளும் முறை அறியப்படாதவிடத்து, கரையின் தொடர்ச்சியான சாட்சியம் ஐந்து தனிக்காட்சிகளாகச் சிதறிவிடுகிறது. அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காரணம் ஓர் எண்ணின் அகலத்தில் உள்ளது. நினைவட்டையில் கோப்புகள் எங்கெங்கு உள்ளன என்பதைக் குறித்துவைக்கும் ஏற்பாடு கோப்புமுறைமை எனப்படும். 1996இல் விண்டோஸ் 95இன் திருத்திய வெளியீட்டுடன் வந்த ஃபாட்-32 என்னும் முறைமையில், ஒவ்வொரு கோப்பின் பருமனையும் எழுதுவதற்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 துவித இலக்கங்கள் மட்டுமே. அவ்விடத்தில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 4,294,967,295. அதாவது, ஒரு கோப்பு அத்தனை பைற்றுகளுக்கு மேற்படின் அதன் பருமனைக் குறிக்க எண் இல்லை. வழக்கில் இதனை 4 ஜிகாபைற் எல்லை என்பர். இவ்வெல்லையை அணுகியதும் ஒளிப்பதிவுக் கருவி நடப்புக் கோப்பை மூடி, அடுத்த எண்ணில் புதிய கோப்பைத் திறக்கிறது.

எத்தனை நிமிடத்தில் இந்த எல்லை எட்டப்படும் என்பது, வினாடிக்கு எவ்வளவு தரவு எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வினாடிக்கு 100 மெகாபிற் எழுதும் கருவியில் 5 நிமிடம் 43 வினாடியில் எல்லை வந்துவிடும். 60 மெகாபிற்றாயின் 9 நிமிடம் 32 வினாடி. 40 மெகாபிற்றாயின் 14 நிமிடம் 19 வினாடி. மேற்சொன்ன 25 நிமிடப் பறப்பு 100 மெகாபிற்றில் எடுக்கப்பட்டிருப்பின், நான்கு முழுக் கோப்புகளும் ஏறத்தாழ இரண்டு நிமிட எச்சக் கோப்பொன்றும் கிடைக்கும். நடைமுறையில் கருவிகள் எல்லைக்குச் சற்று முன்னரே மூடிவிடுவதால் இவ்வளவுகள் சிறிது குறையலாம்.

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. 2006இல் வெளிவந்த எக்ஸ்ஃபாட் என்னும் பிந்திய முறைமையில் இவ்வெல்லை இல்லை. 32 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் பெரும்பாலும் அம்முறைமையிலேயே விற்கப்படுகின்றன. அவ்வாறாயின் அவற்றிலும் பல கருவிகள் ஏன் துண்டாடுகின்றன? பழைய அட்டைகளோடும் பழைய கணினிகளோடும் ஒத்துப்போவதற்காக என்பது ஒரு விடை. மற்றொரு விடை கூடுதல் முக்கியமானது. எம்பி-4 வகைக் கோப்பில் படத்தரவு ஒரு பெட்டியிலும், அத்தரவின் எப்பகுதி எந்நேரத்துக்குரியது என்று கூறும் அடைவு வேறொரு பெட்டியிலும் வைக்கப்படுகின்றன. பதிவு முடிந்து கோப்பு மூடப்படும்போதே அடைவு எழுதப்படுவது வழக்கம். மின்கலம் அறுதியுற்றோ, வானூர்தி கடலில் வீழ்ந்தோ பதிவு திடீரென முறிந்தால், அடைவற்ற கோப்பு மிஞ்சும். அதனை எந்த இயக்கியும் திறவாது. சிறப்பு மென்பொருள் கொண்டு மீட்பதும் நிச்சயமன்று. துண்டாடப்பட்ட பதிவிலோ இழப்பு இறுதித் துண்டோடு நிற்கும். அலைமேல் பறக்கும் கருவிக்கு இது சிறிய அனுகூலமன்று. ஆகவே பிரிகையைக் குறைபாடென்று மட்டும் கொள்வது பொருந்தாது.

ஊடகத்தின் அளவு பதிவின் அளவைக் கட்டுப்படுத்துவது புதிதுமன்று. 35 மில்லிமீற்றர் திரைப்படச் சுருள் ஆயிரம் அடி கொண்டது. வினாடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் அது சுமார் 11 நிமிடங்களில் முடிந்துவிடும். அல்பிரட் ஹிட்ச்கொக் 1948இல் ‘ரோப்’ என்ற படத்தை ஒரே தொடர்காட்சியாகத் தோற்றுவிக்க முனைந்தபோது, சுருள் மாறுமிடங்கள் பலவற்றை நடிகரின் முதுகுப்புறத்தால் மறைக்கவேண்டியிருந்தது. நம் மரபில் பனையோலையின் நீளம் இதே கட்டுப்பாட்டைச் செய்தது. பாட்டு முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஏடு முடிந்துவிடும். இடப்பக்கத்தில் எழுதப்பட்ட தமிழெண்ணும் துளையூடு சென்ற கயிறுமே நூலை நூலாக வைத்திருந்தன. கயிறு அறுந்து ஏடு பிறழ்ந்த சுவடிகளோடு பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டினைத் தமிழ் மாணவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நினைவட்டையில் கயிறு இல்லை. எண் மட்டுமே உண்டு.

அவ்வெண்ணையும் கண்ணை மூடி நம்பலாகாது. டிஜேஐ வகைக் கருவிகள் தொடரெண் இடுவதால் துண்டுகள் பெரும்பாலும் வரிசையாகவே நிற்கும். ஆனால் எண் உச்சத்தை அடைந்ததும் புதிய கோப்புறையில் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். ஒரே பறப்பின் முன்பாதி ஒரு கோப்புறையிலும் பின்பாதி மறு கோப்புறையிலும் வீழ்தல் கூடும். சிறு வானூர்திகளில் பொருத்தப்படும் கோப்ரோ கருவிகளின் முறை இன்னும் குழப்பமானது. அவற்றின் அண்மைக்கால வகைகளில் முதலில் துண்டின் எண்ணும் பின்னரே பதிவின் எண்ணும் வரும். ‘ஜிஎச்010123’ என்பதன் தொடர்ச்சி ‘ஜிஎச்010124’ அன்று, ‘ஜிஎச்020123’. பெயர்வரிசைப்படி அடுக்கினால் எல்லாப் பதிவுகளின் முதற்றுண்டுகளும் ஒருங்கே வந்து, இரண்டாந்துண்டுகள் பின்தங்கிவிடும். நாமாகப் பெயர் மாற்றுவோரும் 1, 2, 10 என எழுதாது 01, 02, 10 என எழுதுதல் நன்று. இன்றேல் சில மென்பொருள்களில் பத்தாவது துண்டு இரண்டாவதற்கு முன் வந்து நிற்கும்.

வரிசை சரியென்று தெரிந்தபின், மூட்டுகளைச் சோதித்தல் வேண்டும். ஒரு துண்டின் கடைசிச் சட்டகமும் அடுத்ததன் முதற்சட்டகமும் அந்தாதி போல் ஒன்றிலிருந்து ஒன்று தொடங்கவேண்டும். நல்ல கருவிகளில் அவ்வாறே அமையும். சிலவற்றில் மூடித் திறக்கும் இடைவெளியில் சில சட்டகங்கள் தவறிவிடும். வானூர்திகளில் பெரும்பாலானவை ஒலியைப் பதிவதில்லை, சுழலிகளின் இரைச்சலில் பதிந்தும் பயனில்லை. எனவே செவியின் துணை இங்கு கிட்டாது. ஆனால் கடற்கரையில் கண்ணுக்கு அருமையான துணை உண்டு: அலைநுரை. உடைந்துவரும் ஓர் அலையின் நுரைவிளிம்பை இரு சட்டகங்களிலும் ஒப்பிட்டால், நேரம் தாவியுள்ளதா என்பது புலப்பட்டுவிடும். இது வெறும் நுணுக்கமன்று. வினாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் செல்லும் வானூர்தியில் கால்வினாடி தவறினால் இரண்டரை மீற்றர் கரை தவறுகிறது. நேரத்தைக்கொண்டு தூரத்தைக் கணிப்பவர், ஐந்து துண்டுகளின் நான்கு மூட்டுகளிலும் இப்பிழையைச் சேர்த்துக்கொண்டே போவார்.

இனி இணைப்பு. இருவகைத் தவறுகள் இங்கு பரவலாக நிகழ்கின்றன. முதலாவது, கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெறுமனே ஒட்டிவிடுதல். ஐந்து நூல்களை ஒரே அட்டைக்குள் கட்டினாலும் முதல் நூலின் பொருளடக்கத்தையே வாசகர் காண்பார். அதுபோல் இயக்கியும் முதற்றுண்டின் அடைவைப் படித்து அத்தோடு நின்றுவிடும். இரண்டாவது, படத்தொகுப்பு மென்பொருளில் ஐந்தையும் இட்டுப் புதிய கோப்பாக வெளியிடுதல். பார்ப்பதற்கு இது முழுமையாகவே தோன்றும். ஆனால் அம்மென்பொருள் ஒவ்வொரு சட்டகத்தையும் விரித்து மீண்டும் சுருக்குகிறது. மணலின் நுண்தோற்றமும் நீர்விளிம்பும் முதலில் மங்குவன. அளவெடுப்போருக்கு வேண்டியவையும் அவையே.

சரியான முறை, படத்தரவைத் தொடாது அடைவை மட்டும் புதிதாக எழுதி இணைப்பதாகும். 2000ஆம் ஆண்டில் பப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருள் இதனை விலையின்றிச் செய்துதருகிறது. துண்டுகளின் பெயர்களை வரிசையாக ஓர் எழுத்துக் கோப்பில் எழுதி, மறுசுருக்கம் இன்றிப் பிரதிசெய்க எனக் கட்டளையிட்டால் போதும். பல ஜிகாபைற் பதிவும் வட்டின் வேகத்துக்கேற்பச் சில நிமிடங்களில் இணைந்துவிடும். எல்லாத் துண்டுகளும் ஒரே சட்டகவேகத்திலும் அளவிலும் சுருக்கமுறையிலும் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. ஒரே பறப்பின் துண்டுகள் இயல்பாகவே அவ்வாறிருக்கும். வணிக மென்பொருள்கள் மாதச்சந்தா கோரும் காலத்தில், இக்கட்டற்ற கருவி நம் பல்கலைக்கழகங்களில் போதிய அளவு கற்பிக்கப்படாமை வருந்தத்தக்கது.

இணைப்பின்போது பலர் மறப்பது ஒன்றுண்டு. பல வானூர்திகள், விடியோக் கோப்புக்கு இணையாக ஒரு சிறு எழுத்துக் கோப்பையும் எழுதுகின்றன. அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் முதலியன அதில் கணத்துக்குக் கணம் குறிக்கப்படும். துண்டுகள் ஐந்தாயின் இவையும் ஐந்து. ஒவ்வொன்றின் நேரமும் சுழியத்திலிருந்து தொடங்கும். படத்தை இணைத்துவிட்டு இவற்றின் நேரத்தை முன்துண்டுகளின் மொத்த நீளத்தால் கூட்டாதுவிட்டால், மருதமுனைக் கரைக்குப் பெரியநீலாவணையின் இடக்குறி பொருந்திவிடும்.

இணைத்த பிரதி பார்வைக்கு உரியது, மூலத்துண்டுகள் அழிக்கப்படலாகாது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் சமகாலப் பதிவுகளை நீதிமன்றில் ஏற்க வழிசெய்தது. பதிவு மாற்றத்துக்கு உட்படவில்லை என்பதை நிறுவுவது அதன்கீழ் முக்கியமாகும். கரை அரிப்புக்கு நட்டஈடு கோரும் ஒரு வழக்கில், இணைக்கப்பட்ட கோப்பை மட்டும் முன்வைப்பவர் இடையில் எதையேனும் நீக்கினாரா என்ற கேள்விக்கு விடையளிக்கவேண்டி வரும். மறுதலையாக, மூன்றாம் துண்டை மட்டும் காட்டி, அரிப்பில்லாத கரையையே முழுக் கரையென எதிர்த்தரப்பினர் வாதிடவும் கூடும். துண்டுகள் ஐந்தும், ஒவ்வொன்றின் இலக்கக் கைரேகை போன்ற சரிபார்ப்பெண்ணும், எத்தனை துண்டுகள் என்ற குறிப்பும் ஒருங்கிருப்பின் இரு வாதமும் வலுவிழக்கும்.

பதிவு கைமாறும் வழியும் கவனத்துக்குரியது. நம் ஊர்களில் விடியோ என்றால் வட்சப்பில் அனுப்புவதே வழக்கமாகிவிட்டது. கல்முனைக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்தின் நீண்ட வான்பதிவொன்று இவ்வாறு பகிரப்படின், துண்டுகள் மேலும் துண்டாகும், படம் நசுங்கும், இடக்குறியும் நேரக்குறியும் உதிரும், வரிசையும் அனுப்பியவரின் விரலைப் பொறுத்ததாகிவிடும். பகிர்வது தவறன்று, பகிர்ந்ததையே மூலமெனச் சேமித்தல் தவறு. ஆழிப்பேரலையின்போது கடலோர வீடுகளோடு காணி உறுதிகளும் திருமணப் படங்களும் அள்ளுண்டு போன இடத்தில், மூலப்பிரதியைக் கரையிலிருந்து தொலைவான வேறோர் ஊரிலும் வைப்பது அவசியம். 2005இல் தொடங்கப்பட்ட நூலக நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்களை நாடுவதும் ஏற்றதே.

நடைமுறைத் தடையொன்றையும் குறிப்பிடல் வேண்டும். இணைத்த 18 ஜிகாபைற் கோப்பை 64 ஜிகாபைற் பென்டிரைவில் பிரதிசெய்ய முயல்வோர்க்கு, இடம் நிறைய இருந்தும் கோப்பு மிகப்பெரிது என்ற அறிவித்தல் கிடைக்கலாம். அந்த பென்டிரைவ் ஃபாட்-32 முறையில் அமைந்திருப்பதே காரணம். வானில் எதிர்ப்பட்ட அதே எல்லை மேசையிலும் எதிர்ப்படுகிறது. அதிலுள்ளவற்றை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்ஃபாட் முறையில் மீளமைத்தால் தடை நீங்கும். மீளமைப்பு உள்ளிருப்பவற்றை அழிக்கும் என்பதால், பறப்பின் ஒரே பிரதி உள்ள அட்டையில் இதனை ஒருபோதும் செய்யலாகாது.